மணல்சாரிக் கொல்லையில் நெருஞ்சி: எப்படி உறுதி செய்வது, எப்போது எடுப்பது?

மரக்காணம் மண்:

எல்லோருக்கும் வணக்கம். மரக்காணம் பக்கத்தில் மணல்சாரி நிலம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து இந்த ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். மானாவாரிதான். முளைப்பு நன்றாக வந்து இப்போது பதினெட்டாம் நாள். செடிகளுக்கு நடுவில் தரையோடு தரையாக ஒரு களை படர ஆரம்பித்திருக்கிறது. புளிய இலை போலச் சின்னச் சின்ன இலை, தண்டு லேசான சிவப்பு, தொட்டால் மெல்லிய ரோமம். முள் எதுவும் இன்னும் கண்ணில் படவில்லை. சிலர் நெருஞ்சி என்கிறார்கள், சிலர் தொட்டாற்சிணுங்கிக் கன்று என்கிறார்கள். நிலம் முழுக்க இல்லை. டிராக்டர் திரும்பும் மூலையிலும் வண்டிப்பாதையை ஒட்டிய பக்கத்திலும்தான் அடர்த்தி.

பக்கத்துக் கொல்லையில் போன வருடம் நெருஞ்சி ஏறி, காய் பிடுங்க ஆள் வர மறுத்துவிட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன். இது நெருஞ்சிதானா என்று முள் வருவதற்கு முன்பே எப்படி உறுதி செய்வது? அதுதான் என்றால் மருந்தா, ஆளா, எதற்கு முதலில் செலவு செய்வது?

தேரிக்காட்டான்:

தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நெருஞ்சியேதான். சாத்தான்குளம் பக்கம் எங்கள் தேரி மணலில் செருப்பில்லாமல் நடக்க முடியாததற்குக் காரணமே இதுதான். இலையைத் தொட்டுப் பாருங்கள். சுருங்கினால் தொட்டாற்சிணுங்கி, சும்மா இருந்தால் நெருஞ்சி. ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் படம் போட்டால் இன்னும் நல்லது.

செம்மண் செல்வி:

படம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடையாளத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நெருஞ்சியை முள்ளை வைத்துக் கண்டுபிடிப்பது என்றால் ஒரு பருவம் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம் என்று அர்த்தம்.

முதலில் கணுவைப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இலை இருக்கும். அதில் ஒன்று பெரிதாகவும் எதிரில் உள்ளது சிறிதாகவும் இருக்கும். அடுத்த கணுவில் பக்கம் மாறியிருக்கும். தரையோடு படரும் மற்ற சின்ன இலைக் களைகளில் இந்த ஏற்றத்தாழ்வு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு இலையிலும் நாலு முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள், நுனியில் தனிச் சிற்றிலை கிடையாது. இலையைத் திருப்பி வெயிலில் பிடித்தால் அடிப்புறத்தில் வெள்ளை ரோமம் படிந்து மினுங்கும். கீழாநெல்லியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கீழாநெல்லி நிமிர்ந்து வளரும், இலைக்கு அடியில் பச்சைக் காய் வரிசையாகத் தொங்கும், ரோமம் இருக்காது.

இன்னும் சின்னதாக, முளைத்து நாலைந்து நாளே ஆன கன்று என்றால் விதையிலையைப் பாருங்கள். தடித்து, நீள்சதுரமாக, நுனியில் ஒரு சின்ன வெட்டோடு இருக்கும். அடிப்பக்கம் சாம்பல் பூத்திருக்கும். இதைப் பார்க்கப் பழகிவிட்டால் அதன்பின் குனிந்து தேட வேண்டியதில்லை, நடந்துகொண்டே கண்ணில் படும்.

பூ மஞ்சள், ஐந்து இதழ். அந்தச் சிறிய இலையின் கக்கத்திலிருந்து ஒற்றையாக வரும். காலையில் வெயிலைப் பார்த்து விரிந்திருக்கும், வெயில் ஏறினபின் தேடினால் கிடைக்காது. அதனால் நெருஞ்சிக்காகக் கொல்லையைச் சுற்றுவது காலை வேலை. மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "இன்னும் பூக்கவில்லை" என்று யாரும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது முக்கியமான கணக்கு. முளைத்து மூன்று வாரத்திலிருந்தே இது பூக்கத் தொடங்கும். பூத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் காய் முற்றிவிடும். உங்கள் கடலை பதினெட்டாம் நாள் என்கிறீர்கள். நெருஞ்சியும் அதே மழைக்கு முளைத்தது என்றால் இந்த வாரக் கடைசியில் முதல் பூ வரும். இப்போது எடுத்தால் வெறும் செடி. ஒரு மாதம் கழித்து எடுத்தால் செடி கையோடு வரும், முள் மண்ணிலேயே தங்கிவிடும்.

கடலோரக் கம்பு:

எங்கள் ஊரில் நெருஞ்சி என்றால் முழங்கால் உயரம் நிற்கும் செடியைத்தான் காட்டுவார்கள். இலை தடியாக, ஓரம் பல் பல்லாக இருக்கும். இதுவும் மணலில்தான் வருகிறது, முள்ளும் இருக்கிறது. செல்வி அக்கா சொல்வது வேறு செடி மாதிரி இருக்கிறதே?

செம்மண் செல்வி:

நீங்கள் சொல்வது யானை நெருஞ்சி, பெருநெருஞ்சி என்றும் சொல்வார்கள். குடும்பமே வேறு, எள்ளுக்குச் சொந்தக்காரச் செடி. பூ மஞ்சள்தான், ஆனால் இதழ்கள் ஒட்டிக் குழலாக இருக்கும். காய் உடையாது, நாலு மூலையிலும் ஒவ்வொரு முள்ளோடு முழுசாக விழும். சந்தேகம் வந்தால் ஒரு பச்சைக் கிளையை ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிட்டால் யானை நெருஞ்சி. அதுவும் ஒரு பருவத்துச் செடிதான். ஆனால் நிமிர்ந்து நிற்பதால் கண்ணில் பட்டுவிடும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். கடலைக்குள் ஒளிந்துகொண்டு தொல்லை தருவது சிறு நெருஞ்சிதான்.

மரக்காணம் மண்:

காலையில் போய்ப் பார்த்தேன் அக்கா. கணுவில் ஒரு இலை பெரிது, ஒன்று சிறிது, நீங்கள் சொன்னபடியே. பாதையோரத்தில் இரண்டு மூன்று செடியில் மஞ்சள் பூவும் வந்துவிட்டது. அந்த ஓரத்துச் செடிகள் கடலையை விட முன்னால் முளைத்தவை போலிருக்கிறது, கொடி ஒரு முழத்துக்கு ஓடியிருக்கிறது.

விருத்தாசலம் பெரியவர்:

அப்படியானால் நாளைக்கே இறங்குங்கள் தம்பி. முதல் களையை இருபதாம் நாள், இரண்டாம் களையை நாற்பதாம் நாள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். நெருஞ்சி இருக்கும் கொல்லையில் முதல் களையை ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

எப்படி எடுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இதற்கு நடுவில் ஒரே ஆணிவேர், அதிலிருந்து நாலா பக்கமும் கொடி ஓடும். அவசரத்தில் கொடியைப் பிடித்து இழுத்தால் கொடி அறுந்து வரும், வேர்க்கழுத்து நிலத்தில் நிற்கும். அடுத்த தூறலுக்குத் துளிர்த்துவிடும். களைக்கொத்தை வேர்க்கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே சாய்த்து வைத்து வெட்ட வேண்டும். மணல் என்பதால் ஈரம் இருக்கும்போது கையால் பிடுங்கினாலே வேர் முழுசாக வரும். மழை பெய்த மறுநாள் காலைதான் நல்ல நேரம்.

பூ மட்டும் இருக்கும் செடியை அங்கேயே வெயிலில் போட்டு உலர விடலாம். பச்சைக் காய் ஒன்று தெரிந்தாலும் அந்தச் செடியைக் கூடையில் போட்டு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். வரப்பில் வீசாதீர்கள், குப்பைக்குழியிலும் போடாதீர்கள். குப்பையில் போட்டது அடுத்த வருடம் எருவோடு நிலம் முழுக்கப் போய்ச் சேரும். ஒரு குழியில் குவித்துக் காய்ந்ததும் கொளுத்துங்கள்.

நாற்பத்தைந்து நாளுக்கு மேல் விழுது, அதாவது பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு, இறங்கத் தொடங்கிவிடும். ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைத்துவிட்டால் அதோடு கொத்து வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கொத்து வைத்தால் விழுது அறுந்துபோகும், கண்ணில் பட்ட நெருஞ்சியைக் கையால் மட்டும் எடுக்கலாம்.

ஐந்து கொத்து:

ஆள் கூலிக்கு யாரிடம் பணம் இருக்கிறது? மருந்து அடித்தால் ஒரே நாள் வேலை. எங்கள் பக்கம் விதைத்த மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின், இருபது நாளில் இமாசிதபைர். இரண்டும் அடித்துவிட்டால் களை பற்றிக் கவலையே இல்லை.

செம்மண் செல்வி:

மருந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் அண்ணா. ஆள் கிடைக்காத ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் நெருஞ்சி விஷயத்தில் எது எவ்வளவு செய்யும் என்று தெரிந்து அடிக்க வேண்டும்.

பெண்டிமெத்தலின் 30 சதவீத மருந்து எக்டருக்கு 3.3 லிட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 1.3 லிட்டர். விதைத்த மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, பின்னோக்கி நடந்துகொண்டே அடிக்க வேண்டும். அடித்த இடத்தை மிதிக்கக் கூடாது. இது புல் வகைகளையும் சின்ன விதைக் களைகளையும் நன்றாக அடக்கும். நெருஞ்சியைப் பாதிதான் அடக்கும். அதன் விதை கெட்டியான முள்கூட்டுக்குள் இருக்கிறது, கொஞ்சம் ஆழத்திலிருந்தும் வரும், எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதும் இல்லை. மருந்தின் வீரியம் இறங்கினபிறகு முளைப்பதை அது எப்படித் தடுக்கும்?

இமாசிதபைர், நெருஞ்சி இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதுதான் உருப்படியாக வேலை செய்யும். கொடி ஒரு முழம் ஓடினபிறகு அடித்தால் மஞ்சளாகி நிற்கும், அப்புறம் கணுவில் துளிர்க்கும். அதோடு இந்த மருந்து மண்ணில் சில மாதம் தங்கும். கடலைக்குப் பின்னால் கம்போ சோளமோ காய்கறியோ போடுகிறவர்கள் டப்பாவில் அடுத்த பயிருக்கு என்ன இடைவெளி எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அடியுங்கள்.

இன்னொன்று. அகன்ற இலைக் களைக்கு நல்லது என்று கடைக்காரர் 2,4-டி எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். நெருஞ்சியைக் கொல்லும் என்பது உண்மை, கடலையும் அகன்ற இலைதான், அதையும் சேர்த்துக் கொல்லும்.

மரக்காணம் தம்பிக்கு இப்போது தெளிப்பு தேவையில்லை. மூலையிலும் ஓரத்திலும் மட்டும் இருப்பதற்கு இரண்டு ஏக்கரிலும் மருந்து அடிப்பது வீண் செலவு.

தேரிக்காட்டான்:

அறுவடை முடிந்ததும் ரொட்டவேட்டர் விட்டு எல்லாவற்றையும் பொடியாக்கிவிட்டால்? எங்கள் பக்கம் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

விருத்தாசலம் பெரியவர்:

முள் முற்றுவதற்கு முன் என்றால் சரி. முற்றினபிறகு ரொட்டவேட்டர் விட்டால் அது விதைக்கும் வேலைதான் அண்ணாச்சி. ஒரு மூலையில் குவிந்து கிடந்த முள்ளை எல்லா ஆழத்திலும் எல்லாப் பக்கமும் கலந்துவிடும். மண் பார்க்கச் சுத்தமாகத் தெரியும், அடுத்த மழைக்குத்தான் தெரியும் என்ன நடந்தது என்று.

செம்மண் செல்வி:

பெரியவர் சொன்னதோடு காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லா வேலையும் இந்த முள்ளின் அமைப்பைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

ஒரு காயைக் கையில் எடுத்துப் பிரியுங்கள். ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சிறிய முள். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்க்கும் வாக்கில் விழும். செருப்பு, டயர், குளம்பு எது மேலே பட்டாலும் ஏறிக்கொள்ளும். ஒரு துண்டைக் கத்தியால் நீளவாக்கில் கீறினால் உள்ளே அறை அறையாக இரண்டு முதல் நாலு, சிலவற்றில் ஐந்து விதை வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே அளவில்லை. பெரிய விதை முதலில் முளைக்கும். மற்றவை அதே கூட்டுக்குள் காத்திருக்கும். இந்த மழைக்கு ஒன்று, அடுத்த மழைக்கு ஒன்று, சில அடுத்த வருடத்துக்கு. உதிர்ந்த உடனேயும் முளைக்காது, சில மாதம் மண்ணில் கிடந்து பக்குவப்பட வேண்டும். அதனால்தான் "போன வருடம் சுத்தமாக எடுத்தேனே, எங்கிருந்து வந்தது" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது முந்தின வருடங்களின் முள். மண்ணுக்குள் ஐந்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

மேலே இரண்டு அங்குலத்துக்குள் உள்ள விதைதான் பெரும்பாலும் முளைத்து வெளியே வரும். இதைவிட ஆழத்தில் போனது தூங்கும், சாகாது. ரொட்டவேட்டரும் அடிக்கடி உழும் ஆழ உழவும் தூங்கும் விதையை மேலே கொண்டுவருவதைத்தான் செய்கின்றன.

அதனால் என் கருத்து இது. நெருஞ்சி நிலத்தில் கோடை மழைக்கு முதலில் முளைக்க விடுங்கள். பச்சை தெரிந்ததும் ஆழம் போகாமல், இரண்டு அங்குலத்துக்குள் சுரண்டும் கருவியைக் கொண்டு சீவி எடுங்கள். மறு மழைக்கு மறுபடி ஒரு தடவை. இப்படிச் செய்துவிட்டு விதைத்தால் மேல்மண்ணில் உள்ள விதையில் பெரும் பங்கு காலி. நெருஞ்சியை அது முளைக்கும்போதுதான் கொல்ல முடியும், விதையாகக் கிடக்கும்போது முடியாது.

ஐந்து கொத்து:

கோடை உழவு ஆழமாகப் போடச் சொல்லித்தானே எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள்?

விருத்தாசலம் பெரியவர்:

கோரைக்கிழங்குக்கும் கூட்டுப்புழுவுக்கும் அது நல்லதுதான். நெருஞ்சி ரொம்ப ஏறிப்போன நிலத்தில் சட்டிக் கலப்பையால் ஒரு தடவை ஆழமாகப் புரட்டிக் கீழே தள்ளலாம், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் புரட்டிவிட்டால் அதன்பின் சில வருடத்துக்கு மேலுழவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வருடா வருடம் புரட்டினால் கீழே போனது திரும்பி மேலே வரும்.

களத்துமேடு:

இவ்வளவு நேரம் பயிரைப் பற்றியே பேசுகிறோம், ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் அம்மா கடலை ஆயப் போனவர். செடியைப் பிடுங்கினபின் மண்ணுக்குள் அறுந்து நிற்கும் காயை விரலால் துழாவித்தான் எடுக்க முடியும். அந்த மணலுக்குள் காய்ந்த நெருஞ்சி இருந்தால் விரல் நுனியில் நேராக ஏறும். இழுத்தால் முள் உடைந்து நுனி உள்ளே நின்றுவிடும். இரண்டு நாளில் சீழ் பிடிக்கும். கையுறை போடச் சொல்வது சுலபம். கையுறை போட்ட விரலுக்குக் காய் எது, மண்கட்டி எது என்று தெரியாது. காய் குறைந்தால் கூலியும் குறையும், ஏனென்றால் அளந்துதானே கொடுக்கிறார்கள்.

ஆள் வர மறுக்கிறார்கள் என்று நிலத்துக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நெருஞ்சி இருக்கும் பாத்தியைத் தனியாகச் சொல்லி, அதற்கு அளவுக்கூலி இல்லாமல் நாள்கூலி கொடுத்துவிட்டால் யாரும் அவசரப்பட்டுக் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

விருத்தாசலம் பெரியவர்:

நியாயமான பேச்சு அம்மா. அடையாளத்துக்கு ஓரத்தில் குச்சி நட்டு வைத்துவிட்டால் ஆட்களுக்கும் முன்பே தெரியும்.

கடலோரக் கம்பு:

அறுவடைக்கு முன் தரையில் கிடக்கும் முள்ளை எடுக்க ஏதாவது வழி உண்டா?

தேரிக்காட்டான்:

பயிர் நிற்கும்போது கஷ்டம். ஆனால் பாதை, களம், வண்டி திரும்பும் இடம் இங்கெல்லாம் நாங்கள் பழைய சணல் சாக்கை நனைத்து, மேலே ஒரு கனமான கட்டையைக் கட்டித் தரையோடு இழுப்போம். முள் சாக்கில் குத்திக்கொண்டு வந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட்டுச் சாக்கையே கொளுத்திவிட வேண்டியதுதான். கடலையை உலர்த்தும் களத்தில் இதைச் செய்யாமல் காய் கொட்டுவதே இல்லை.

ஃபிரெஸ்னோ தமிழன்:

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே இதே செடியைச் சைக்கிள்காரர்கள் கண்டாலே பயப்படுவார்கள், டயரைப் பஞ்சர் ஆக்குவதாலேயே அதற்கு 'பஞ்சர் வைன்' என்று பெயர். வெளியிலிருந்து வந்த களை என்பதால் 1961இல் இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று காய்க்குள் முட்டையிட்டு விதையைத் தின்னும், இன்னொன்று தண்டையும் வேர்க்கழுத்தையும் குடையும். இரண்டுமே இந்தியாவிலும் தெற்கு ஐரோப்பாவிலும் இயல்பாக உள்ளவை. குளிர் அதிகமான இடங்களில் அவ்வளவாகத் தாக்குப்பிடிக்கவில்லை. ஹவாயில் நல்ல பலன் கொடுத்தது. நம் ஊரில் உள்ள வண்டு என்றால் நம் ஊரில் ஏன் இது இவ்வளவு பெருகுகிறது?

செம்மண் செல்வி:

நல்ல கேள்வி. விதையைத் தின்னும் வண்டு வேலை செய்வது காய் உருவானபிறகுதானே. பச்சைக் காயில் ஊசி குத்தினது போல ஓட்டை தெரிந்தால் அதன் வேலையாக இருக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு இருக்கலாம். செடி தண்ணீர் இல்லாமல் வாடும்போது வண்டின் தாக்குதல் அதிகம் உறைக்கும். நல்ல மழை கிடைத்தால் செடி அதைத் தாண்டி வளர்ந்துவிடும். விதையைக் குறைக்க உதவும் ஒரு கை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பருவப் பயிரை அது காப்பாற்றித் தராது. ஆனால் வரப்பிலும் புறம்போக்கிலும் பூச்சிமருந்து தெளிக்காமல் இருந்தால் அந்த வண்டாவது பிழைக்கும்.

நாட்டுமருந்து நண்பன்:

நெருஞ்சில் முள்ளுக்கு நாட்டுமருந்துக் கடையில் விலை உண்டு. சித்த மருத்துவத்தில் நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் குடிநீராகக் கொடுப்பது. ஆயுர்வேதத்தில் தசமூலத்தில் ஒன்று. களை என்று எரிப்பதற்குப் பதில் முற்ற விட்டுப் பறித்து விற்றால் வருமானம் தானே?

விருத்தாசலம் பெரியவர்:

மருந்து நல்ல மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடலைக் கொல்லையில் முற்ற விட்டுப் பறிப்பது கட்டுப்படியாகாது. பறிக்கும்போதே பாதி உதிரும், உதிர்ந்தது வருடக்கணக்கில் இருக்கும். விற்க வேண்டும் என்றால் பயிர் வைக்காத தரிசில், ஊருக்கு வெளியே பறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கொத்து:

கிடை போட்டால், அதாவது மந்தையை நிலத்தில் அடைத்தால், ஆடு நெருஞ்சியை மேய்ந்துவிடும் என்று ஒரு கீதாரி (மந்தை மேய்ப்பவர்) சொன்னார். களையும் போகும், எருவும் கிடைக்கும். இதில் ஏதாவது ஆபத்து உண்டா?

கால்நடைத் தோழன்:

இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மற்ற புல்லோடு கலந்து கொஞ்சம் மேய்ந்தால் பெரிய பாதிப்பு இருக்காது. ஆனால் வறட்சியில் வேறு பசுமையே இல்லாமல், மழைக்கு முளைத்து வாடின நெருஞ்சியை மட்டும் ஆடுகள் வயிறு நிறைய மேய்ந்தால் கல்லீரல் கெடும். கல்லீரல் கெட்டபின் வெயில் பட்டாலே முகமும் காதும் வீங்கும், கண் மஞ்சளிக்கும், தோல் வெடிக்கும். தென்னாப்பிரிக்காவின் காரூ வறட்சிப் பகுதியில் செம்மறிகளுக்கு இது நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். காது தொங்கி, முகம் வீங்கி, நிழலைத் தேடி ஒதுங்கும் ஆட்டைப் பார்த்தால் உடனே அந்த மேய்ச்சலிலிருந்து பிரித்து நிழலில் கட்டி, பசுந்தீவனமும் தண்ணீரும் கொடுத்துக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெயிலில் விட்டால் மோசமாகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காய் பிடித்த நிலத்தில் மேய்ந்த மந்தை அடுத்த நிலத்துக்குப் போகும்போது குளம்பு இடுக்கில் முள்ளைக் கொண்டுபோகும். கிடை போடுவதற்கு முன் மந்தை எங்கே மேய்ந்து வந்தது என்று கேளுங்கள். பூக்கும் முன் மேய விட்டால் நல்லது, முள் உள்ள நேரத்தில் வேண்டாம்.

செம்மண் செல்வி:

இதையேதான் டிராக்டருக்கும் சொல்ல வேண்டும். மரக்காணம் தம்பி முதல் பதிவில் எழுதினதைக் கவனியுங்கள்: வண்டி திரும்பும் மூலை, பாதையோரம். இது காற்றில் பறந்து வரும் விதை கிடையாது. டயரில் ஏறி வந்து, வண்டி திரும்பும்போது உரசி உதிர்ந்த இடத்தில்தான் முளைத்திருக்கிறது. வாடகை டிராக்டர் உள்ளே இறங்கும் முன் டயர் இடுக்கையும் கலப்பைக் கொக்கியையும் ஒரு குச்சியால் தட்டிவிடச் சொல்லுங்கள். பக்கத்துக் கொல்லையில் ஓட்டிவிட்டு நேராக உங்கள் கொல்லைக்கு வந்தால் கட்டாயம் செய்யுங்கள். டிரைவருக்குச் சலிப்பாகத்தான் இருக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம் நிழல். நெருஞ்சிக்கு வெயில் வேண்டும். கடலைச் செடி வரிசையை மூடிக்கொண்டால் அடியில் முளைத்தது வெளிச்சம் தேடி நோஞ்சானாக மேலே எழும், அவ்வளவாகக் காய்க்காது. எனவே முளைக்காத சந்துகளை முதல் வாரத்திலேயே நிரப்பிவிடுவதும், 30க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியைத் தவறாமல் காப்பதும் களைக்கான வேலையும்தான். காலியாக விட்ட ஓரத்தில் தட்டைப்பயறு ஊன்றுங்கள், அது படர்ந்து தரையை மூடும்.

மரக்காணம் மண்:

எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் ஒரு தூறல் விழுந்தது, மறுநாள் காலையே இரண்டு ஆட்களோடு இறங்கி ஓரத்தையும் மூலையையும் எடுத்து முடித்தோம். பெரியவர் சொன்னபடி வேர்க்கழுத்துக்குக் கீழே கொத்து வைத்ததில் முழுசாக வந்தது. பாதையோரத்தில் சில செடியில் பச்சைக் காய் இருந்தது, அவற்றைத் தனியாகக் கூடையில் எடுத்துக் குழியில் போட்டிருக்கிறேன். நடுநிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான், முழுக்களை எடுக்கும்போது சேர்த்து எடுத்துக்கொள்வேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தப் பாதை பஞ்சாயத்துப் பாதை, அதில் உள்ளதை என்ன செய்வது? இரண்டு, அறுவடைக்குப் பின் ஓரத்து வரிசைகளின் கடலைக்கொடியை மாட்டுக்குப் போடலாமா?

விருத்தாசலம் பெரியவர்:

பாதையை விட்டுவிட்டால் அடுத்த வருடமும் இதே மூலையில் இதே வேலைதான். உங்கள் கொல்லையை ஒட்டின நீளத்துக்கு மட்டுமாவது மாதம் ஒரு முறை கொத்திவிடுங்கள், பக்கத்துக் கொல்லைக்காரரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் நிலத்தில்தான் சரக்கு இருக்கிறது, அவர் எடுக்காமல் உங்கள் பக்கம் நிற்காது.

கால்நடைத் தோழன்:

ஓரத்து வரிசைக் கொடியை மற்றதோடு கலக்காமல் தனியாகப் போர் போடுங்கள். காய்ந்த முள் கொடியோடு சிக்கிக்கொண்டு வந்தால் மாட்டுக்கு நாக்கிலும் ஈறிலும் குத்தும், தீவனம் எடுக்காமல் நிற்கும். பசங்களை விட்டுக் கொடியை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முள் விழுந்தாலும் அந்தப் போரை மாட்டுக்குப் போட வேண்டாம், தொழுவத்தில் பரப்பவும் வேண்டாம், எருவில் சேர்ந்துவிடும். நடுநிலத்துக் கொடியைத் தாராளமாகப் போடலாம்.